இறால் கிரியோலும் ஒரு பழைய பேரேடும்



பங்குச்சந்தை, பழைய நாணயம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று சமையலில் இறங்கிவிட்டானே என்று பயப்பட வேண்டாம். இதுவும் வரலாறுதான். நடுவில் ஒரு சட்டி இறால் கொதிக்கும், அவ்வளவுதான். செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கீழே போய்விடலாம், கோவித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் செய்தால் சாப்பிடும்போது யோசிக்க ஒரு விஷயம் கிடைக்கும்.

முதலில் இறால் கிரியோல் என்றால் என்ன? அமெரிக்காவின் தெற்கே லூசியானா என்றொரு மாநிலம். மிசிசிப்பி ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நியூ ஆர்லியன்ஸ் நகரம். அந்த ஊர்ச் சாப்பாடு இது. வெங்காயம், செலரி, குடமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கி, தக்காளி சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைசியில் இறாலைப் போட்டு இறக்கி, வெள்ளைச் சாதத்தின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். கேட்டால் நம் இறால் தொக்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல இருக்கிறது இல்லையா? ருசி வேறு, கதையும் வேறு.

பி.காம். முதல் வருடம் முதல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதுதான். ஒரு பொருள் உள்ளே வந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். இந்தச் சட்டிக்கும் அப்படி ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம் என்று ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. பொருட்களுக்கெல்லாம் கணக்கு சுலபமாக எழுதிவிடலாம். சமைத்த ஆளுக்கு வரும்போதுதான் இடிக்கிறது.

கிரியோல் என்றால் யார்?

நியூ ஆர்லியன்ஸை 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கினார்கள். பியென்வில் என்பவர் தலைமை. 1762-ல் பிரான்ஸ் அதை ரகசிய ஒப்பந்தம் போட்டு ஸ்பெயினுக்குக் கொடுத்தது. 1800-ல் இன்னொரு ஒப்பந்தத்தில் திரும்ப வாங்கியது. 1803-ல் நெப்போலியன் லூசியானா முழுவதையும் அமெரிக்காவுக்கு 1.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முதலாளிகள்!

கிரியோல் என்ற சொல் போர்த்துகீசிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து வந்தது. காலனியிலேயே பிறந்தவர் என்பதுதான் ஆரம்பப் பொருள். ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி வந்த பிரெஞ்சுக்காரர் கிரியோல் கிடையாது, அவருக்கு அங்கே பிறந்த பிள்ளை கிரியோல். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர் கிரியோல் கிடையாது, அவருக்கு அங்கே பிறந்த பிள்ளை கிரியோல். இரண்டு பேரும் கலந்து பிறந்தவரும் கிரியோல்தான். பிற்காலத்தில் இந்தப் பெயர் எங்களுக்கு மட்டும்தான் சொந்தம் என்று வெள்ளையர்களில் ஒரு சாரார் வாதாடியது தனிக்கதை. ஊரில் விளைந்த தக்காளியைக்கூட அங்கே கிரியோல் தக்காளி என்றுதான் விற்கிறார்கள்.

பக்கத்திலேயே கேஜன் சமையல் என்று இன்னொன்று உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கனடாவின் அகாடியா பகுதியிலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் துரத்தப்பட்ட பிரெஞ்சு விவசாயிகள் 1760-களில் லூசியானாவின் சதுப்புநிலப் பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்கள் வழிவந்தது கேஜன். கிரியோல் என்பது நகரத்துச் சமையல். சட்டியில் தக்காளி இருந்தால் பெரும்பாலும் கிரியோல் என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டிக்குள் யார் யார்?

இனி ஒவ்வொரு பொருளாகக் கணக்கில் எழுதுவோம்.

வெங்காயம், செலரி, குடமிளகாய்: பிரெஞ்சுச் சமையலில் வெங்காயம், செலரி, காரட் மூன்றையும் வதக்கி ஆரம்பிப்பது வழக்கம். லூசியானாவில் காரட்டின் இடத்துக்குக் குடமிளகாய் வந்துவிட்டது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்த மூன்றையும் சேர்த்து அந்த ஊரில் புனித மும்மை என்று பக்தியோடு சொல்வார்கள். இந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியவர் பால் புருடோம் என்ற பிரபல சமையல்காரர். அது நடந்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். ஆக பெயர் புதுசு, பழக்கம் பழசு.

தக்காளியும் மிளகாயும்: இவையும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்தான். ஸ்பெயின் ஆண்ட காலத்தில், 1778-க்கும் 1783-க்கும் இடையில், கேனரித் தீவுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் லூசியானாவில் வந்து இறங்கினார்கள். ஹைட்டியில் அடிமைகள் புரட்சி செய்து வென்ற பிறகு, அங்கிருந்து கியூபா போய்த் தங்கியிருந்தவர்களில் 9,000 பேருக்கு மேல் 1809, 1810-ல் நியூ ஆர்லியன்ஸ் வந்தார்கள். ஊர் மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது. அவர்களில் வெள்ளையர், சுதந்திரமான கறுப்பர், அடிமைகள் என்று மூன்று வகையும் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலித் தீவிலிருந்து இத்தாலியர்கள் வந்தார்கள். இப்படி வந்த ஒவ்வொரு கூட்டமும் தக்காளிக் குழம்புக்குத் தன் பங்கைப் போட்டது.

சாதம்: இங்கேதான் கதை கனமாகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அடிமைகளை ஏற்றிவந்த முதல் கப்பல்கள் லூசியானாவை அடைந்தது 1719-ல். அந்தக் கப்பல் தலைவர்களுக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவில் இரண்டு விஷயங்கள் இருந்தன. சில பீப்பாய் விதைநெல் வாங்கி வர வேண்டும். நெல் பயிர் செய்யத் தெரிந்த ஆட்களையும் வாங்கி வர வேண்டும். லூசியானா வரலாற்றை ஆராய்ந்த க்வெண்டலின் மிட்லோ ஹால் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதாவது விதை, அதை விளைவிக்கும் அறிவு இரண்டும் ஒரே சரக்குப் பட்டியலில் வந்து இறங்கின. அறிவைத் தலையில் வைத்திருந்தவர்கள் கால் விலங்கோடு வந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா பக்கத்தில் நெல் பல நூற்றாண்டுகளாக விளைந்த பயிர். சாதத்தின் மேல் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது அங்கே தினப்படி வழக்கம். லூசியானாவின் இன்னொரு புகழ்பெற்ற குழம்பான கம்போவின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இறால்: மெக்சிகோ வளைகுடாவும் அதையொட்டிய கழிமுகமும் இறாலுக்குச் சொர்க்கம். ஐஸ் பெட்டி வருவதற்கு முன் இறாலைக் கெடாமல் வைக்க முக்கியமான ஒரு வழி காயவைப்பது. நம் சென்னாக்குனி மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வேலையைச் செய்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்களும் சீனர்களும். சதுப்பில் மரக்கால்கள் நட்டு, மேலே பெரிய பலகை மேடை போட்டு, வேகவைத்த இறாலைப் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் எல்லோரும் அதன் மேல் ஏறி வட்டமாகச் சுற்றி மிதிப்பார்கள், ஓடு தனியாக உதிரும். இதற்கு இறால் நடனம் என்றே பெயர். செயின்ட் மாலோ என்ற பிலிப்பைன்ஸ் மீனவர் குடியிருப்பு பற்றி லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1883-ல் பத்திரிகையில் எழுதினார். 1915 புயலில் அந்தக் கிராமம் அழிந்தது. இன்னொன்றான மணிலா வில்லேஜை 1965-ல் பெட்சி புயல் கொண்டுபோனது.

பிறகு இயந்திரம் வந்தது. லூசியானாவின் ஹூமா ஊரைச் சேர்ந்த லெப்பேர் என்ற பதின்வயதுப் பையன், ரப்பர் பூட்ஸால் மிதித்தபோது இறால் சதை ஓட்டிலிருந்து பிதுங்கி வெளியே வருவதைப் பார்த்தான். இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டாலும் அப்படி வரும் என்று அவனுக்குத் தோன்றியது. துணி பிழியும் உருளையில் விட்டுப் பார்த்தான், வந்தது. 1940-களில் அது இறால் உரிக்கும் இயந்திரமாகிக் காப்புரிமையும் பெற்றது. அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் லெய்ட்ரம். தன் பெயரின் நடுவில் இருந்த மார்ஷியல் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டு வைத்த பெயர் அது.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறால் உரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் இருக்கிறது, கம்பெனி பெயரிலும் ஒளிந்திருக்கிறது. இறால் கிரியோலைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கே இருக்கிறது?

பேரேட்டில் இருந்த சமையல்காரர்

நியூ ஆர்லியன்ஸின் வசதியான வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். பிரெஞ்சு முறையையும் ஸ்பானிய வாசத்தையும் ஆப்பிரிக்கக் கைப்பக்குவத்தையும் ஒரே சட்டியில் சேர்த்தது அவர்கள் கை.

அவர்கள் பெயர் எங்குமே எழுதப்படவில்லை என்று நினைப்போம். தவறு. எழுதப்பட்டது. எங்கே என்பதுதான் விஷயம்.

ஒரு முதலாளி இறந்தாலோ அடிமையை விற்றாலோ பத்திரப் பதிவாளர் முன்னால் பட்டியல் தயாராகும். அதில் பெயர், வயது, எந்த ஆப்பிரிக்க இனம், என்ன வேலை தெரியும், என்ன விலை என்று வரிசையாக எழுதுவார்கள். க்வெண்டலின் மிட்லோ ஹால் லூசியானாவின் பதிவு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் வருடக்கணக்கில் உட்கார்ந்து இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினார். 1820 வரையிலான காலத்துக்கே சுமார் ஒரு லட்சம் பேரின் பதிவுகள் சேர்ந்தன. வேலை என்ற இடத்தில் தச்சர், கொல்லர் என்று வருவது போலச் சமையல்காரர் என்றும் வரும். கைத்தொழில் தெரிந்தவருக்கு விலை கூடும்.

நாங்கள் படிக்கும் பாடப்படி சொன்னால், சமையல் திறமைக்குப் பண மதிப்பு போட்டிருக்கிறார்கள். அது முறையாகக் கணக்கிலும் ஏறியிருக்கிறது. ஆனால் அந்தத் திறமையை வைத்திருந்தவரின் கணக்கில் ஏறவில்லை, அவரை வைத்திருந்தவரின் சொத்துக் கணக்கில் ஏறியது. நாற்காலி, குதிரை, வெள்ளிக் கரண்டி இருக்கும் அதே பட்டியலில். கணக்குப்பதிவியல் நடுநிலையானது, எண்கள் பொய் சொல்லாது என்று வகுப்பில் கேட்டுப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பேரேட்டில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கணக்கிலிருந்து சமையலாலேயே வெளியே வந்தவர்களும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் அடிமைச் சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த நாளில் பெண்கள் தெருவில் காலா விற்பார்கள். அரிசியில் செய்து எண்ணெயில் பொரிக்கும் இனிப்பு, கிட்டத்தட்ட நம்ம ஊர் இனிப்புப் பணியாரம் மாதிரி. பிறகு வந்த ஸ்பானிய ஆட்சியில் அடிமை ஒருவர் தன் விலையைத் தானே கட்டி விடுதலை வாங்கும் சட்டம் இருந்தது. அப்படிப் பலகாரம் விற்ற காசைச் சேர்த்துத் தன்னையும், முடிந்தால் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். தன்னைத் தானே கொள்முதல் செய்வது! இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதிவுக் குறிப்பு கிடையாது.

1885: புத்தகத்தில் யார் பெயர்?

உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. இருபது வருடம் கழித்து, நியூ ஆர்லியன்ஸில் பெரிய உலகக் கண்காட்சி நடந்த சமயத்தில், 1885-ல் இரண்டு கிரியோல் சமையல் புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்றைக் கிறிஸ்தவப் பெண்கள் சங்கம் ஒன்று தொகுத்தது. இன்னொன்று மேலே சொன்ன லஃப்காடியோ ஹெர்ன் தொகுத்த லா குசின் கிரியோல். ஹெர்ன் புத்தகத்தின் முதல் பக்கமே, ஊருக்குப் புகழ் சேர்த்த பெரிய சமையல்காரர்களிடமும் பேர்பெற்ற கிரியோல் குடும்பத் தலைவிகளிடமும் சேகரித்த குறிப்புகள் என்கிறது. அந்தக் குடும்பத் தலைவிகளின் வீட்டு அடுப்பில் நின்றது யார் என்று அங்கே சொல்லவில்லை.

1900-ல் ஊரின் பிகாயூன் பத்திரிகை ஒரு பெரிய கிரியோல் சமையல் புத்தகம் போட்டது. அதன் முன்னுரை இன்னும் சுவாரஸ்யம். பழைய கறுப்பினச் சமையல்காரிகள் மறைந்து வருகிறார்கள், இனி வீட்டு அம்மாக்களே கற்றுக்கொண்டாக வேண்டும், அதற்காகத்தான் இந்தப் புத்தகம் என்று ஏக்கத்தோடு சொல்கிறது. சமைத்தது யார் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? அப்படியும் அவர்களைக் கூட்டமாகப் பாராட்டினார்களே தவிர, இன்ன குறிப்பு இன்னாருடையது என்று எழுதத் தோன்றவில்லை.

சொத்துப் பட்டியலில் பெயர் இருந்தது. சமையல் புத்தகத்தில் பெயர் இல்லை. நான் இந்தக் கட்டுரை எழுதியதே இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்.

நாங்கள் படிக்கும் நற்பெயர் என்ற தலைப்பு இங்கே பொருந்தும். ஒரு வியாபாரத்தின் நற்பெயரை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கும்போதுதான் கணக்கில் சொத்தாகக் காட்ட முடியும். தானாக உழைத்துச் சேர்த்த நற்பெயரைக் காட்ட முடியாது. நியூ ஆர்லியன்ஸ் சமையலின் நற்பெயரும் அப்படித்தான். சேர்த்தவர் கணக்கில் அது சுழியம், புத்தகம் போட்டவர் கணக்கில் லாபம்.

தன் பெயரைத் தானே போட்டவர்

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லீனா ரிச்சர்ட். 1892-ல் பிறந்த கறுப்பினப் பெண். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையல் வேலை. கைமணத்தைப் பார்த்த அந்த வீட்டம்மா அவரை பாஸ்டனில் பிரபலமான ஃபேனி ஃபார்மர் சமையல் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே போனதும், இவர்கள் சொல்லித் தர ஏற்கெனவே தெரிந்ததைத் தாண்டி அதிகம் இல்லை என்று புரிந்துவிட்டதாகப் பின்னாளில் லீனா சொன்னார்.

1937-ல் நியூ ஆர்லியன்ஸில் சொந்தமாகச் சமையல் பள்ளி தொடங்கினார். நோக்கம் தெளிவானது: கறுப்பின இளைஞர்கள் தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டு, நல்ல சம்பளம் கேட்டு வாங்க வேண்டும். 1939-ல் தன் குறிப்புகளைத் தானே செலவு செய்து புத்தகமாகப் போட்டார். புத்தகத்தின் பெயரே லீனா ரிச்சர்டின் சமையல் புத்தகம். அடுத்த வருடமே பெரிய பதிப்பகம் ஒன்று அதை மறுபதிப்பு செய்தது. பிறகு உணவகம், சமைத்த உணவை உறையவைத்து வெளியூருக்கு அனுப்பும் தொழில், 1949-ல் உள்ளூர்த் தொலைக்காட்சியில் சொந்தச் சமையல் நிகழ்ச்சி. கறுப்பினப் பெண் உணவகத்தில் வெள்ளையர் பக்கத்தில் உட்கார முடியாத ஊரில், அவர் திரையில் நின்று வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்கே பாடம் எடுத்தார். 1950-ல் இறந்துபோனார்.

அடுத்த ஆளின் கதை நம்ம வயசுக்காரர்களுக்கு. 1960 செப்டம்பர் 17 அன்று நான்கு இளைஞர்கள் நியூ ஆர்லியன்ஸின் கானல் தெருவில் ஒரு கடைக்குள் இருந்த சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். அது வெள்ளையர்களுக்கு மட்டுமான மேடை. சாப்பாடு தரவில்லை, எழுந்திருக்கச் சொன்னார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. கைது, வழக்கு, சிறைத்தண்டனை, அபராதம். அவர்களில் ஒருவர் ரூடி லொம்பார்ட், சேவியர் பல்கலைக்கழக மாணவர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல் லொம்பார்ட் எதிர் லூசியானா வழக்கில் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

இதே காலத்தில் லியா சேஸ் என்ற சமையல்காரர் தன் மாமனார், மாமியார் குடும்பம் 1941-ல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்தின் மாடியில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டம் போட இடம் கொடுத்தார். சாப்பாடும் போட்டார். இரண்டு இனத்தவரும் சேர்ந்து சாப்பிடுவது அப்போது சட்டவிரோதம்.

1978-ல் ரூடி லொம்பார்ட், நத்தானியல் பர்ட்டன் என்ற சமையல்காரரோடு சேர்ந்து கிரியோல் ஃபீஸ்ட் என்ற புத்தகத்தை வெளியிட்டார். நியூ ஆர்லியன்ஸின் 15 கறுப்பினத் தலைமைச் சமையல்காரர்களின் குறிப்புகள், ஒவ்வொருவரின் பெயரோடும் கதையோடும். லியா சேஸும் அதில் உண்டு. பதிப்பகத்தில் அதைக் கவனித்துக்கொண்டவர் டோனி மாரிசன். ஆமாம், பிற்பாடு 1993-ல் இலக்கிய நோபல் வாங்கிய அதே டோனி மாரிசன். சாப்பாடு மறுக்கப்பட்ட மேடையில் உட்கார்ந்த மாணவர், பதினெட்டு வருடம் கழித்து அந்த ஊரின் சாப்பாடு யாருடையது என்று புத்தகமே போட்டுவிட்டார். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, சமைப்போம்

நான்கு பேருக்கு. தலையோடு ஒரு கிலோ இறால் வாங்கினால் உரித்தபின் அரைக் கிலோ அளவுக்கு வரும். முதுகில் இருக்கும் கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள். தலையையும் ஓட்டையும் தூக்கிப் போடாதீர்கள்! கொஞ்சம் வெண்ணெயில் அவற்றை வறுத்து, நான்கு கப் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் அருமையான இறால் சாறு கிடைக்கும். பாதி ருசி இதில்தான் இருக்கிறது.

அடிகனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். ஒரு மேசைக்கரண்டி மைதா போட்டு, லேசாகப் பொன்னிறம் வரும்வரை கைவிடாமல் கிளறுங்கள். அதில் இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு செலரித் தண்டு, ஒரு பெரிய குடமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். செலரி பெரிய காய்கறிக் கடைகளில் கிடைக்கும், சூப்புக்கு வாங்கும் தண்டுதான். நான்கு பல் பூண்டு நசுக்கிப் போடுங்கள். பிறகு பொடியாக நறுக்கிய ஐந்து தக்காளி, இரண்டு கப் இறால் சாறு, இரண்டு பிரிஞ்சி இலை, அரைத் தேக்கரண்டி காய்ந்த தைம் இலை, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், மிளகு, உப்பு. மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்து அரை மணி நேரம் சிறுதீயில் கொதிக்கட்டும்.

குழம்பு கெட்டியானதும் இறாலைப் போடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். நிறம் மாறி வளைந்ததும் இறக்கிவிட வேண்டும், விட்டால் ரப்பர் ஆகிவிடும். மேலே வெங்காயத்தாள் தூவி, சூடான வெள்ளைச் சாதத்தோடு பரிமாறுங்கள். காரம் பத்தாது என்பவர்களுக்கு டபாஸ்கோ சாஸ். அதுவும் லூசியானாக்காரர்தான், 1868-லிருந்து. கறிவேப்பிலை, கரம் மசாலா பக்கம் கை போனால் தட்டிவிடுங்கள். போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு குழம்பு.

கணக்கு இன்னும் முடியவில்லை

இப்போது லூசியானாவிலேயே ஒருவர் கடையில் உறைந்த இறால் வாங்கி இதைச் சமைத்தால், அந்த இறால் எங்கிருந்து வந்திருக்கும்? அமெரிக்கர்கள் சாப்பிடும் இறாலில் 90 சதவீதம் அளவுக்கு இறக்குமதி. சமீப வருடங்களில் அதில் முதலிடம் இந்தியாவுக்கு. பெரும்பகுதி ஆந்திரா. நம் கடலோரப் பண்ணைகளுக்கும் பங்குண்டு. வளர்ப்பது வனாமி என்ற இனம். அதன் பூர்வீகமே அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கடற்கரை. 2009-க்குப் பிறகுதான் இந்தியப் பண்ணைகளில் பெரிய அளவில் பரவியது. தன் கண்டத்துக்கே உறைந்த நிலையில் திரும்பிப் போகிறது!

விலை குறைந்த இறக்குமதியால் வளைகுடா மீனவர்கள் நொடித்தார்கள். அவர்கள் புகார் கொடுத்து, 2005-ல் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் இறாலுக்கு அமெரிக்கா பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. அதே வருடம் ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி வேறு. 2010-ல் வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு. வெளிநாட்டு இறாலைப் பரிமாறும் உணவகங்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2019-ல் லூசியானா சட்டம் போட்டது.

இந்தப் பக்கம் மட்டும் என்ன? தமிழ்நாட்டுக் கடலோர இறால் பண்ணைகளால் விளைநிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-ல் கடுமையான தீர்ப்பு கொடுத்தது. ஆந்திராவின் இறால் உரிக்கும் கூடங்களில் பெண்கள் குறைந்த கூலிக்கு மோசமான சூழலில் வேலை செய்வதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2024-ல் விரிவாக வெளியிட்டது. பொட்டலத்தின் மேல் எடை, விலை, காலாவதி தேதி, நாடு எல்லாம் அச்சாகியிருக்கும். உரித்த கைக்கு அதில் இடம் கிடையாது.

பெயர் போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஆனால் லீனா ரிச்சர்ட் பெயரையும் சம்பளத்தையும் சேர்த்தேதான் கேட்டார். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று சொல்லுங்கள் மக்களே. அப்படியே உங்கள் வீட்டில் காலங்காலமாக ஒரு குழம்பு இருக்குமே, அதை முதலில் வைத்தது யார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.